சாய்ந்த கோபுரம்

டவுன்டவுனில் மெக்கில் மெட்ரோவிலிருந்து மேலே வந்து, சென்ற் கத்தரீன் வீதியிலுள்ள கிறிஸ்து பேராலயத்தை அண்ணாந்து பாருங்கள். கூர்க்கோபுரம் கல் போலத் தெரிகிறதல்லவா? அது அலுமினியம்! 1859இல் திறந்தபோது அசல் கல்தான். இளகிய மண் அந்தப் பாரத்தைத் தாங்காமல் கோபுரம் மெல்லச் சரிந்தது. சரிவு சுமார் 4 அடியாகிவிட, 1927இல் கல்லைக் கழற்றி இறக்கினார்கள். 1940இல் அலுமினியம் ஏறியது.

மெதுவான அசைவு கண்ணுக்குத் தெரியாதே! அதனால், கட்டடம் பரிசோதிப்பவர்கள் வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடிட்டு, தேதியெழுதிப் படமெடுப்பார்கள். அடுத்த ஆண்டு வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், சுவர் இன்னும் அசைகிறது. அவசரப்பட்டுப் பூசி மறைத்தால் அந்தச் சாட்சியும் போய்விடும். (நம் மண்டபத்துக்கும் இது பொருந்தும்.)

1980களின் பிற்பகுதியில் அதே பேராலயத்தைத் தூண்களில் தாங்கி, அடியில் கடைத்தொகுதி கட்டினார்கள். மெட்ரோவிலிருந்து அதற்குள்ளாலும் நடந்து வரலாம்.