சிக்குன்குனியா மூட்டழற்சி: புத்தளம் கரையோரமும் கூட்டு ஆய்வுகளும்

சிக்குன்குனியா மூட்டழற்சி, நுளம்பு பரப்பும் ஒரு வைரஸ் காய்ச்சலின் பின்விளைவு. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிடும். விரல்கள், மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் ஆகியவற்றிலும் சிலருக்கு முள்ளந்தண்டிலும் வலியும் வீக்கமும் காலைநேர விறைப்பும் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 2006ஆம் ஆண்டின் இறுதியில் இந்நோய் இலங்கைக்குள் பெருமளவில் திரும்பி வந்தபோது, மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, கொழும்பு ஆகியவற்றோடு புத்தளமும் முதலில் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்றாக இருந்தது. பட்டியலில் உள்ளவை அனைத்தும் கடலோரப் பகுதிகள்.

நோய்க்காரணி ஆல்ஃபா வைரஸ் இனத்தைச் சேர்ந்தது. அவுஸ்திரேலியாவில் மூட்டுவலிக் காய்ச்சலை உண்டாக்கும் ராஸ் ரிவர் வைரஸும் இதன் உறவினர்தான். மூட்டைத் தாக்குவது இந்தக் குடும்பத்தின் பழைய குணம். சிக்குன்குனியா முதலில் இனங்காணப்பட்டது 1952-53இல், இன்றைய தன்சானியாவின் தென்கோடியில். 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னை, வேலூரிலும் பெரும் பரவல்கள் ஏற்பட்டன. அதையொட்டி 1960களின் நடுப்பகுதியில் இலங்கையிலும் இதன் தடயங்கள் பதிவாகின. பிறகு நோய் அடங்கிப்போனதால், 2006இல் காய்ச்சலோடு நடக்க முடியாமல் வந்த நோயாளரைக் கண்ட இளம் வைத்தியர்கள் பலருக்கு அது பாடப்புத்தகத்தில் மட்டும் படித்த நோயாகவே இருந்தது.

2006: கரையோரத்தில் நுழைந்த காய்ச்சல்

2004இல் கென்யாவின் லாமு தீவில் தொடங்கிய பரவல் இந்து சமுத்திரத் தீவுகளைக் கடந்தது. 2005-06இல் ரீயூனியன் தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரைப் படுக்கையில் கிடத்திவிட்டு இந்தியாவுக்குள் புகுந்தது. லாமுவில் நோய் வெடித்தது மழைக்காலத்தில் அல்ல, வறட்சியில். தண்ணீர் கிடைக்காத மக்கள் வீட்டுக்குள் சேமித்து வைத்த நீரில்தான் நுளம்பு பெருகியது என ஆய்வாளர்கள் கருதினர். புத்தளத்தைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி மிகவும் வேண்டியது.

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாடு மணற்பாங்கான நிலம். அதன் நன்னீர், உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. வரண்ட மாதங்களில் கிணற்று நீர் உவர்க்கும். குடிக்கும் தண்ணீர் பவுசரில் வரும், பரலிலும் சீமெந்துத் தொட்டியிலும் சேமிக்கப்படும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். கிடுகுக் கூரையும் நெருக்கமான குடிசைகளும் பொதுக்கிணறுகளுமாக அமைந்த அவர்களின் முகாம்களில் தண்ணீரைச் சேமித்து வைப்பது தவிர்க்க முடியாத அன்றாட வேலையாக இருந்தது. மூடியில்லாத பரலைக் கண்டு குடும்பத்தைக் குறை சொல்வது எளிது. குழாய் நீர் வராத இடத்தில் அந்தப் பரல்தான் சமையலும் குளிப்பும் தொழுகைக்கான ஒழுச் செய்தலும் என்பதை நோய்த்தடுப்புப் பிரசுரங்கள் எழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

உவர்நீரில் வளரும் நுளம்பு

டெங்கையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஈடிஸ் எஜிப்தி, ஈடிஸ் அல்போபிக்டஸ் என்னும் இரு நுளம்புகளும் தெளிந்த நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. இலங்கைத் தமிழ் ஆய்வாளர்கள் முன்னின்ற ஒரு கூட்டு ஆய்வு அதை மறுத்தது. ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரன் ஆகியோரும் மட்டக்களப்பைச் சேர்ந்த விலங்கியலாளர்களும் இணைந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், கரையோரத்தில் கைவிடப்பட்ட வள்ளங்களிலும் பாழ்கிணறுகளிலும் எறியப்பட்ட உணவு, பானக் கொள்கலன்களிலும் தேங்கிய உவர்நீரில் இவற்றின் குடம்பிகள் கிடைத்தன. ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு வரை உப்புள்ள நீரிலும் அவை இருந்தன. கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து. இலங்கையின் கீழ்க்கரையிலும் புருணையிலும் ஒரே முடிவு கிடைத்தது.

புத்தளம் களப்பைச் சுற்றி இந்த முடிவின் பொருள் பெரிது. மீனவர் வாடிகளின் பின்புறம் கவிழ்க்காமல் விடப்பட்ட பைபர் வள்ளம், அடியில் ஒரு சாண் நீர், அதில் மிதக்கும் நைலோன் வலைத்துண்டு. கந்தக்குழியிலும் முந்தலிலும் உடப்பிலும் எவரும் காணக்கூடிய காட்சி இது. வீட்டுத் தோட்டத்தில் சிரட்டை பொறுக்குவதோடு நின்றுவிடும் நுளம்பு ஒழிப்பு, இந்த வள்ளங்களைத் தொடாமலே போய்விடுகிறது.

வைரஸின் வழித்தடம்

வைரஸ் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தந்தது களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடமும் சிங்கப்பூர் சுற்றாடல் சுகாதார நிறுவனமும் சேர்ந்து செய்து 2010இல் வெளியிட்ட மரபணு ஆய்வு. ஹபுஆரச்சி, அபேவிக்ரம உள்ளிட்ட இலங்கையர், சிங்கப்பூர் ஆய்வாளரோடு சேர்ந்து 2006 முதல் 2008 வரை இரு நாடுகளிலும் கிடைத்த வைரஸ்களை ஒப்பிட்டனர். எல்லாமே ஆபிரிக்கக் கிளையைச் சேர்ந்தவை. ரீயூனியன் போன்ற தீவுகளின் வைரஸைவிட இந்திய வைரஸுக்கே அவை நெருக்கமாக இருந்தன. ஒரே தடவை நுழைந்த வைரஸ் பரவியதாகவும் தெரியவில்லை. தனித்தனியாகப் பல தடவை நுழைந்திருக்க வேண்டும் என்றே மரபணு வேறுபாடுகள் காட்டின.

அவர்கள் கவனித்த இன்னொன்று, வைரஸின் ஈ1 புரதத்தில் 226ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் நீங்கி வாலின் வந்திருந்தது. 2008இல் ஆராய்ந்த 139 மாதிரிகளில் 133இல் இந்த மாற்றம் இருந்தது. இது நிகழ்ந்த வைரஸ், ஈடிஸ் அல்போபிக்டஸ் நுளம்பின் உடலில் மிக எளிதாகப் பெருகும். மரநிழலும் மழையும் உள்ள இடங்களை விரும்பும் நுளம்பு அது. கரையோர நகரங்களில் தொடங்கிய நோய் 2008இல் இரத்தினபுரி போன்ற ஈரவலயப் பகுதிகளைத் தாக்கியதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் ஆய்வகம் தனியே நின்றிருந்தால் இந்தப் படம் முழுமையாகக் கிடைத்திராது. குருதி மாதிரிகளும் வரிசைப்படுத்தும் வசதியும் ஒப்பிட வேண்டிய பிறநாட்டு வைரஸ்களும் ஓரிடத்தில் சேர்ந்ததே அதன் பலம்.

கண்டியில் 2006-07இல் டெங்கும் சிக்குன்குனியாவும் ஒரே காலத்தில் பரவியபோது, பேராதனைப் பேராசிரியர் குலரத்னவின் குழு இரண்டையும் நோயாளரின் படுக்கையருகே ஒப்பிட்டது. இரண்டும் ஒன்றுபோல் தொடங்குவதால் இது வெறும் வகைப்பாட்டு வேலையல்ல. டெங்கில் குருதிச் சிறுதட்டுகள் குறைந்து குருதிக்கசிவு வரலாம். ஆகவே டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அஸ்பிரினோ டைக்ளோபினாக் போன்ற வலிநிவாரணியோ கொடுக்கக் கூடாது. பரசிட்டமோல் மட்டுமே பாதுகாப்பானது.

மூட்டில் என்ன நடக்கிறது

காய்ச்சல் தொடங்கி மூன்று வாரம் வரை தீவிர கட்டம், மூன்று மாதம் வரை இடைக்கட்டம், அதற்கு மேல் நாட்பட்ட கட்டம் என வைத்தியர்கள் பிரிக்கின்றனர். நாட்பட்ட கட்டத்தில் வைரஸ் இன்னும் மூட்டுக்குள் ஒளிந்திருக்கிறதா, அல்லது அது போன பின்னும் உடலின் நோயெதிர்ப்பு ஓயாமல் மூட்டைத் தாக்குகிறதா என்பதே ஆய்வாளரின் பெரிய கேள்வி. ரீயூனியனில் ஒரு நோயாளரின் மூட்டுச் சவ்வில் பதினெட்டு மாதங்களுக்குப் பின்னும் வைரஸின் மரபணுப் பொருள் கிடைத்ததாக 2010இல் வெளியான ஆய்வு கூறியது. கொலம்பியாவின் கரையோரத்தில் நோய் தொற்றி இருபத்திரண்டு மாதங்களான முப்பத்தெட்டு பேரின் மூட்டுநீரை அமெரிக்க, கொலம்பிய வைத்தியர்கள் சோதித்தபோது வைரஸ் கிடைக்கவில்லை. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று ரத்துச் செய்வதில்லை. சவ்வும் மூட்டுநீரும் வேறுவேறு, நோயாளரும் வேறுவேறு.

இந்தக் கேள்வியின் விடையே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. வைரஸ் அங்கேயே இருந்தால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கேடாகலாம். இல்லையென்றால் அதுவே தேவை. கொலம்பியாவில் நோய் கண்டபின் பின்தொடரப்பட்டோரில் கால்வாசிப் பேருக்கு இருபது மாதங்களுக்குப் பின்னும் மூட்டுவலி நீடித்தது. இந்தியாவில் அரவிந்த் சோப்ராவின் புணேக் குழு எழுபது நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குளோரோகுயினும் மற்றதற்கு மெலாக்ஸிகாம் என்ற வலிநிவாரணியும் இருபத்துநான்கு வாரம் கொடுத்துப் பார்த்தது. குளோரோகுயினால் கூடுதல் பயன் இல்லை என 2014இல் அறிவித்தது. பல ஆண்டுகளாக நம்பிக்கையின்பேரில் எழுதிக் கொடுக்கப்பட்ட ஒரு மாத்திரையைச் சோதித்துப் பார்த்து நிறுத்தச் சொன்ன ஆய்வு இது. புதுமருந்து கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

முள்ளந்தண்டு பற்றிய தெளிவும் ரீயூனியனிலிருந்தே வந்தது. அங்கு நோய்க்குப் பின் வாதநோய் நிபுணரிடம் அனுப்பப்பட்ட 159 பேரின் பதிவுகளை ஜாவெல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2015இல் வெளியிட்டனர். அவர்களில் 94 பேருக்கு முன்பு இல்லாத நாட்பட்ட அழற்சி வாதநோய் புதிதாகத் தோன்றியிருந்தது. அதில் 40 பேருக்கு முடக்குவாதம், 33 பேருக்கு முள்ளந்தண்டையும் இடுப்பு மூட்டுகளையும் சேர்த்துத் தாக்கும் வகை, மீதி 21 பேருக்கு வகைப்படுத்த முடியாத பலமூட்டழற்சி. இரவின் பின்பகுதியில் எழுப்பி, எழுந்து நடந்தால் குறையும் முதுகுவலி இந்த இரண்டாம் வகையின் அடையாளம். பாரம் தூக்கியதால் வரும் முதுகுவலி ஓய்வில் குறையும், இது ஓய்வில் கூடும். இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், கிராமத்து மருந்தகத்திலேயே பலரை உரிய நேரத்தில் நிபுணரிடம் அனுப்பிவிடலாம்.

உழைக்கும் கைகள்

கரைவலை இழுப்பவர் கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, குதிகாலை ஈரமணலில் ஊன்றிப் பின்னோக்கிச் சாய்ந்து நடக்கிறார். வேலை முழுவதும் விரல்மூட்டு, மணிக்கட்டு, கணுக்கால், கீழ்முதுகு ஆகியவற்றில்தான். சிக்குன்குனியா குறிவைப்பதும் இவற்றையே. புத்தளம், பாலாவி உப்பளங்களில் உப்பு வாருபவர், கற்பிட்டித் தோட்டங்களில் குந்தியிருந்து வெங்காயம் நடும் பெண்கள், மீன் வெட்டிக் கருவாடு போடுபவர் ஆகியோருக்கும் இதே கதி. முன்பே தேய்ந்த மூட்டையும் அடிபட்ட மூட்டையும் இந்த வைரஸ் கூடுதலாகத் தாக்கும். அதிகாலையில் விரல் மடங்காத கடற்றொழிலாளி பாட்டுக்கு, அதாவது மீன்பிடிக்க, போக முடியாது. பாட்டுக்குப் போகாதவருக்குப் பங்கும் இல்லை. நோயின் சுமையைக் காய்ச்சல் கண்டோரின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது இந்தக் கரையில் தவறான கணக்கையே தரும். இழந்த வேலைநாட்களையும் எண்ணியாக வேண்டும்.

வலி மூட்டோடு முடிவதில்லை என்பதற்கு இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. இங்கு நெடுங்காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த முஸ்லிம்கள் 450 பேரிடம் கொழும்பின் ஆய்வு மேம்பாட்டு நிறுவனமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் இணைந்து செய்த ஆய்வு 2013இல் வெளியானது. மூட்டுநோய் ஆய்வல்ல, மனநல ஆய்வு. அதில் 14 சதவீதத்தினருக்கு உள்ளத்துயர் உடல்வலியாகவும் களைப்பாகவும் வெளிப்படும் நிலை இருந்தது. ஆகவே இந்தக் கரையில் மூட்டுவலியை ஆராயும் குழுவில் வாதநோய் நிபுணரோடு மனநல வைத்தியரும், தமிழில் பொறுமையாகக் கேட்டு எழுதக்கூடியவர்களும் இருக்க வேண்டும். வீங்கிய மணிக்கட்டையும் வீடிழந்த துயரையும் ஒரே மாத்திரையால் தீர்க்கப் பார்ப்பது இருவகை நோயாளருக்கும் அநீதி.

சிகிச்சையும் மீள்வருகையும்

முதல் வாரத்தில் பீ.சி.ஆர். சோதனையும், அதன்பின் ஐ.ஜி.எம். பிறபொருளெதிரிச் சோதனையும் நோயை உறுதிப்படுத்தும். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. டெங்கு இல்லை என்றானபின் அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணிகளும், மிதமான உடற்பயிற்சியும் இயன்முறை வைத்தியமும் உதவும். மூன்று மாதம் கடந்தும் வீக்கம் குறையாதோருக்கு, வாதநோய் நிபுணரின் கண்காணிப்பில், நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் பலன் தந்ததை ரீயூனியன் பதிவுகள் காட்டின. கடைகளில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீரொயிட் மாத்திரை வலியை உடனே தணிக்கும். ஆனால் எலும்பைத் தேய்த்து நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டும். நொச்சி இலையில் வேது பிடிப்பதும் எண்ணெய் தடவுவதும் இதமளிக்கும், அவற்றைத் தடுக்க வேண்டியதில்லை.

முதல் தடுப்பூசிக்கு அமெரிக்கா 2023 நவம்பரில் அனுமதி வழங்கியது. பாரதூரமான பக்கவிளைவுகள் காரணமாக 2025 ஓகஸ்டில் அதை அங்கே இடைநிறுத்தியது. வேறு தொழில்நுட்பத்தில் உருவான இரண்டாவது தடுப்பூசி 2025 பெப்ரவரியில் அனுமதி பெற்றது.

2024இன் இறுதியிலிருந்து இலங்கையில் நோய் மீண்டும் பரவியது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் நீலிகா மலவிகேயின் குழு வரிசைப்படுத்திய வைரஸில் 226ஆம் இட மாற்றம் இல்லை. மாறாக, நகரங்களில் வாழும் ஈடிஸ் எஜிப்திக்கு வாய்ப்பான வேறு இரு மாற்றங்கள் இருந்தன. வீட்டுக்குள் சேமித்த நீரில் வளர்வது அந்த நுளம்புதான். புத்தளம் ஆதார வைத்தியசாலையிலும் சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் கற்பிட்டியின் கிளினிக்குகளிலும் காய்ச்சல் கண்டோரை மூன்றாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் மறுபடி அழைத்து, கைப்பிடி வலுவையும் காலை விறைப்பின் நேரத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை.