ஊக்கி எதை ஊக்குகிறது?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் உள்ள புதுக்கோட்டை, மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை அல்ல. இந்தப் பக்கத்து உரக்கடைகளில் 'வளர்ச்சி ஊக்கி' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே விற்கும் யூரியாவும் ஓர் ஊக்கியால் பிறந்ததே. தூத்துக்குடி ஸ்பிக் ஆலை 1975 முதல் யூரியா செய்கிறது. அதற்கான அம்மோனியா, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இரும்பின்மேல் கூடுவதால் உண்டாகிறது. அந்த இரும்புதான் வினையூக்கி.

ஊக்கு பழஞ்சொல். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், ஊசலில் இருக்கும் பெண் தன்னைச் சற்றே ஆட்டிவிடச் சொல்லும்போது இச்சொல்லைத்தான் ஆள்கிறாள். திருக்குறளின் ஊக்கமுடைமையில் அது மனத்தின் எழுச்சி. வினையோ தொல்காப்பியத்தில் இலக்கணம், சமயத்தில் ஊழ். வேதியியலில் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மாறுவது. ஈழத்தார் அதைத் தாக்கம் என்பதால் அவர்கள் நூல்களில் ஊக்கி தனித்தே நிற்கிறது.

ஊக்கியின் இந்த வேலைக்குக் கிரேக்க வேரிலிருந்து 'கட்டலிசிஸ்' என்று 1835இல் பெயரிட்டவர் சுவீடனின் பெர்சீலியஸ். வேர்ப்பொருள் கட்டவிழ்த்தல். ஆனால் அவர் நினைத்தது வேறு: உறங்கும் ஈர்ப்பை ஏதோ ஒரு விசை எழுப்புகிறது என்றார். நம் 'ஊக்கி' அந்த நினைப்புக்கே நெருக்கம். 1909இல் நோபல் பெற்ற ஆஸ்ட்வால்டு விசையை விட்டுவிட்டு வேகத்தைப் பிடித்துக்கொண்டார்; பாடநூல்களின் 'வினைவேகமாற்றி' அவர் வழி வந்தது. சரியான பெயர்தான். வாயில் புழங்கவில்லை.

உண்மைக்கு மிக அருகில் இருப்பது கிரேக்க வேர்தான் என்பேன். இரும்புப் பரப்பில் ஒட்டிய நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பு அறுபடுவதே அம்மோனியா ஆக்கத்தின் மெதுவான படி. இதைப் படிப்படியாகக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்ல் 2007இல் நோபல் பெற்றார். இரும்பு யாரையும் தள்ளவில்லை. தடை தாழ்ந்த வேறொரு வழியைத் திறக்கிறது. வினை எங்கே சமநிலை கொள்ளும் என்பதை அதனால் மாற்றவும் முடியாது.

உலோகமே இல்லாமலும் இது நடக்கும். பெஞ்சமின் லிஸ்ட் 2000இல் கையாண்ட புரோலின் ஓர் அமினோ அமிலம். அது கீட்டோனோடு தானே பிணைந்து, ஆல்டிஹைடுடன் புதிய கார்பன்–கார்பன் பிணைப்பு அமைந்ததும் கழன்றுகொள்கிறது. அவருக்கும் டேவிட் மேக்மில்லனுக்கும் 2021இன் நோபல் கிடைத்தது இத்துறைக்காகத்தான். ஊசலை ஆட்டிவிடுபவர் ஊசலோடு பிணைவதில்லை, புரோலின் பிணைகிறது. பாடநூலில் வினையூக்கியை விளக்கும் வரியில் இந்தப் பிணைதலும் கழலுதலும் இடம்பெற வேண்டும்.