வயிற்றில் ஒரு கோடு

1899. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து டாக்டர் ஹோவர்ட் கெல்லி வெட்டியெடுத்த தோலும் கொழுப்பும் ஏழு கிலோவுக்கு மேல். நீளம் சுமார் 90 சென்டிமீட்டர். எடை போட்டு, அளவெடுத்து, மருத்துவ இதழில் எழுதியும் வைத்தார் மனிதர்.

கெல்லி அழகு மருத்துவர் அல்ல. பெண்கள் நோய் நிபுணர். அந்தக் காலத்தில் இந்த ஆபரேஷனில் அழகெல்லாம் இரண்டாம்பட்சம். தொடைமீது மடிந்து தொங்கும் வயிறு நிம்மதியாக நடக்க விடாது. மடிப்புக்குள் வியர்வை தேங்கிப் புண்ணாகும். எனவே குறுக்கே ஒரு பெரிய வெட்டு, தொங்குவதை எடு, தைத்துவிடு. தொப்புள்? அதுவும் வெட்டிய தோலோடு போயே போச்சு!

இன்றைக்கு ‘டம்மி டக்’ என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, அது ஓர் ஆபரேஷன் இல்லை. பெரிய குடும்பம். மினி உண்டு, முழுசு உண்டு, கொழுப்பை மட்டும் உறிஞ்சுவதும் உண்டு. எது நமக்கு என்ற கேள்விக்கு, ஒவ்வொன்றும் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

இது ஒரு வரவு செலவுக் கணக்கு. தட்டையான வயிறு வரவு. தழும்பு செலவு. செலவைக் குறைக்கச் சொல்லி வந்த நெருக்கடியில்தான் இந்தச் சரித்திரமே நகர்ந்தது.

1916-ல் பிலடெல்பியாவின் வெய்ன் பாப்காக், குறுக்கே வெட்டாமல் மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தார். இடுப்பு நன்றாகவே ஒடுங்கியது. ஆனால் நட்டநடு வயிற்றில் நெட்டுக்குத்தாக ஒரு தழும்பு. யாருக்குப் பிடிக்கும்? அடுத்த கவலை, காணாமல்போன தொப்புள். 1957-ல் வெர்னான் என்பவர் சொன்ன வழி சுலபமானது. தொப்புளை அதன் இடத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள தோலை மட்டும் கிளப்ப வேண்டியது. தோலைக் கீழே இழுத்ததும் புதிதாக ஓர் ஓட்டை போட்டுத் தொப்புளை வெளியே எடுத்துத் தைக்க வேண்டியது. முழு டம்மி டக்கில் இன்றும் அடிப்படை இதுதான்.

இதற்கு நடுவே, 1946 ஜூலையில் பாரிஸில் லூயி ரேயார் என்பவர் ஒரு நீச்சல் உடையை அறிமுகப்படுத்தினார். பிகினி! அதுவரை துணிக்குள் ஒளிந்திருந்த வயிறு கடற்கரைக்கு வந்தது. தழும்பும் கூடவே வருமே? வெட்டுக்கோடு கீழே இறங்கியே ஆக வேண்டிய கட்டாயம். ரியோ டி ஜெனிரோவின் ஐவோ பிடாங்கி, அடிவயிற்றில் தாழ்வாகக் கோடு போட்டு, 300 ஆபரேஷன்களின் அனுபவத்தை 1967-ல் கட்டுரையாக வெளியிட்டார். தோலைக் கீழே இழுக்கும்போதே, பிரசவத்தில் விலகிப்போன வயிற்றுத் தசைகளையும் நடுவில் சேர்த்துத் தைத்தார்கள். உடற்பயிற்சி செய்தும் உள்ளே போகாத வயிறு, இந்தத் தையலில் உள்ளே போனது.

ஆனாலும் இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை கோடு. அதுவும் வேண்டாம் என்றால்?

1977. பாரிஸ். டாக்டர் இல்லூஸிடம் வந்த ஓர் இளம்பெண்ணுக்கு முதுகில் கொழுப்புக் கட்டி. தழும்பு தெரியக்கூடாது என்றார். சின்ன துவாரம் வழியாக மழுங்கிய குழாயை விட்டு, கொழுப்பை உறிஞ்சியே எடுத்துவிட்டார் இல்லூஸ். பிற்பாடு உலகமெங்கும் பரவிய லைப்போசக்‌ஷன் முறை இதுதான். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். அப்புறம் எதற்குக் கத்தி என்று பலரும் துள்ளிக் குதித்தார்கள்.

அங்கேதான் சிக்கல். உறிஞ்சினால் கொழுப்பு வரும். தளர்ந்த தோல் வருமா? விலகிய தசை சேருமா? ம்ஹூம். காற்றுப்போன பலூன் மாதிரி தோல் தொங்கியது. 1980-களில் நடுவாந்தரமாக மினி டம்மி டக் வந்தது. சின்னக் கோடு, தொப்புளில் கைவைப்பதில்லை. ஆனால் அதன் பலன் தொப்புளுக்குக் கீழே மட்டும். மேல்வயிறு தளர்ந்தவர்கள், ‘சின்ன ஆபரேஷன்தானே’ என்று மினிக்குப் போனால் பணமும் போகும், தொப்பையும் அப்படியே இருக்கும். தோல், கொழுப்பு, தசை மூன்றையும் தனித்தனியே எடைபோட்டு ஆபரேஷனை முடிவு செய்ய வேண்டும் என்று அதே பத்தாண்டின் இறுதியில் வகை பிரித்துக் கொடுத்தார் நியூயார்க்கின் ஆலன் மட்டராஸோ.

பாப்காக்கின் நெட்டுக்குத்துக் கோடு என்னாச்சு? அது செத்துப்போகவில்லை. 1967-லேயே அதைக் குறுக்குக் கோட்டோடு சேர்த்துச் செய்து பார்த்திருந்தார்கள். எடைகுறைப்பு ஆபரேஷன்கள் பெருகி, ஐம்பது அறுபது கிலோ இளைத்தவர்கள் வரத் தொடங்கியபோது அதற்கு மறுபடி மவுசு வந்தது. அவர்களுக்குத் தோல் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் மிச்சம். கீழே மட்டும் இழுத்தால் சரிவராது. அழகில்லை என்று ஒதுக்கப்பட்ட தழும்பை, தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொரு செலவும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுத் தோலைக் கிளப்பும்போது அதற்குப் போகும் ரத்தக்குழாய்களில் பல அறுபடுகின்றன. மிச்சமிருக்கும் குழாய்களை நம்பித்தான் தோல் பிழைக்கிறது. சிகரெட் அவற்றைச் சுருக்கிவிடும். தோல் கறுத்து அழுகலாம். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே எந்த டாக்டர் புகையை நிறுத்தச் சொல்கிறாரோ, ஆபரேஷன் முடிந்த கையோடு எழுப்பி நடக்க வைக்கிறாரோ, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனியும் குழந்தை பெறும் எண்ணமிருந்தால் காத்திருப்பது நல்லது. சேர்த்துத் தைத்த தசை மறுபடி விலகலாம். கிள்ளினால் கைக்கு அகப்படாத, கல் மாதிரி முன்தள்ளிய தொப்பையா? அந்தக் கொழுப்பு தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. மினியும் தொடாது, முழுசும் தொடாது. சாப்பாடும் நடையும்தான் அதற்கு வைத்தியம்.

எனவே, ‘எந்த ஆபரேஷன் பெஸ்ட் டாக்டர்?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘எனக்கு மிச்சமாக இருப்பது தோலா, கொழுப்பா? தசை விலகியிருக்கிறதா?’ என்று கேளுங்கள். அடுத்த கேள்வி, ‘கோடு எங்கே வரும், எவ்வளவு நீளம்?’ இந்த இரண்டுக்கும் உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லாமல், முதலில் பேக்கேஜ் ரேட்டைச் சொல்கிறாரா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.