மலைக்குள்ளே இரண்டு மணி நேரம்: ஸ்டானெட்ஜ் கால்வாய்ச் சுரங்கம்

இங்கிலாந்தில் விடுமுறைக்குப் படகை வாடகைக்கு எடுத்து, கால்வாய் வழியே ஊர் ஊராகப் போவது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. இதற்கென்றே இருப்பது ‘நேரோபோட்’ என்னும் ஒல்லிப் படகு. அகலம் ஏழு அடிக்குள், நீளமோ எழுபது அடி வரை! ரயில் பெட்டியைத் தண்ணீரில் மிதக்க விட்டது போல இருக்கும். உள்ளேயே சமையலறை, படுக்கை எல்லாம் உண்டு. மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போகும்.

பெரும்பாலான கால்வாய்களில் நினைத்த நேரத்தில் கிளம்பலாம். ஆனால் ஓரிடத்துக்குப் போக வேண்டுமென்றால் மட்டும் முன்கூட்டியே திட்டம் போட்டாக வேண்டும். அதுதான் வடக்கு இங்கிலாந்தில் பென்னைன் மலைத்தொடரைக் குடைந்து செல்லும் ஸ்டானெட்ஜ் சுரங்கம். நீளம் சுமார் 5.2 கிலோமீட்டர். சில இடங்களில் தலைக்கு மேலே 194 மீட்டர் உயரத்துக்கு மலை. சுரங்கம் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து 196 மீட்டர் உயரத்தில். பிரிட்டனின் கால்வாய்ச் சுரங்கங்களில் மிக நீளமானதும், மிக ஆழமானதும், மிக உயரத்தில் இருப்பதும் இது ஒன்றே.

இதற்குள் போக நினைப்பவர் முன் நான்கு கேள்விகள் நிற்கும். படகின் அளவு என்ன? எந்த நாள், எந்த நேரம்? படகு எப்படி நகரும்? கூட யார் வருவார்? பார்த்தால் வெறும் ஆபீஸ் விதிமுறை மாதிரி தெரியும். ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் இருநூறு வருடக் கதை இருக்கிறது.

ஐந்து வருடம் என்று சொன்னார்கள்...

1790கள் இங்கிலாந்தில் கால்வாய்ப் பைத்தியம் பிடித்திருந்த காலம். பருத்தி ஆலைகள் நிறைந்த மான்செஸ்டர் பக்கத்தையும், கம்பளி நெசவு நடந்த ஹடர்ஸ்ஃபீல்ட் பக்கத்தையும் இணைக்க வேண்டும். நடுவில் மலை. சுற்றிக்கொண்டு போகாமல் நேராக மலையைக் குடைந்துவிட்டால் அதுதான் மிகக் குறுகிய வழி என்று வரைபடத்தைப் பார்த்தவர்கள் முடிவு செய்தார்கள். 1794ல் பாராளுமன்றம் அனுமதிச் சட்டம் போட்டது. பொறியாளர் பெஞ்சமின் அவுட்ரம். சுரங்கம் ஐந்து வருடத்தில் முடிந்துவிடும் என்பது கணக்கு.

முடிய ஆனது பதினேழு வருடம்!

மலைக்குள் என்ன பாறை இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் ஊறும் என்பதெல்லாம் சரியாகத் தெரியாமலே வேலை தொடங்கியது. ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். மேலிருந்து செங்குத்தாகக் குழிகள் தோண்டி, அவற்றின் அடியிலிருந்தும் இரு பக்கமும் குடையப் பார்த்தார்கள். தோண்டத் தோண்டத் தண்ணீர். அதை இறைக்கவே பணம் கரைந்தது. பங்குதாரர்கள் பணம் கட்டத் தயங்கினார்கள். 1799 வாக்கில் மலையின் இரண்டு பக்கத்திலும் கால்வாய் தயாராகிவிட்டது, நடுவில் சுரங்கம் மட்டும் இல்லை. ஒரு பக்கம் படகிலிருந்து இறக்கிய சரக்கை மலைக்கு மேலே தூக்கிச் சென்று, மறுபக்கம் வேறு படகில் ஏற்ற வேண்டிய நிலைமை. 1801ல் அவுட்ரம் பதவி விலகினார். கடைசியில் அந்தக் காலத்தின் புகழ்பெற்ற பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டைக் கூப்பிட்டார்கள். அவர் 1807ல் போட்டுக் கொடுத்த திட்டப்படிதான் வேலை ஒரு முடிவுக்கு வந்தது.

1809ல் இரு பக்கத்துச் சுரங்கங்களும் சந்தித்தபோது அவை நேர்கோட்டில் இல்லை. ஒன்றாக இணைப்பதற்காக வளைவு கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வளைவு இன்றும் அப்படியே இருக்கிறது. நீளமான படகை ஓட்டி வருபவர் அங்கே ஜாக்கிரதையாகத் திருப்பாவிட்டால் பாறையில் உரசும்.

1811 ஏப்ரலில் திறப்பு விழா நடந்தது. வேலையில் சுமார் 50 தொழிலாளிகள் இறந்ததாகச் சொல்வார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கடப்பாரையும் வெடிமருந்தும் வைத்துக்கொண்டு குடைந்தவர்கள் அவர்கள். அவுட்ரம், டெல்ஃபோர்ட் என்ற பெயர்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. இவர்கள் பெயர்கள்தான் கிடைப்பதில்லை.

முதல் கேள்வி: படகின் அளவு

பணத்தை மிச்சம் பிடிக்கச் சுரங்கத்தை ஒரு படகு போகும் அளவுக்குத்தான் குடைந்தார்கள். உள்ளே பல இடங்களில் செங்கல் பூச்சு கிடையாது, வெறும் பாறைதான். கூரை ஓரிடத்தில் உயரும், ஓரிடத்தில் தாழும். அதனால்தான் இன்றும் படகின் அகலம் மட்டுமல்ல, கூரையின் உயரம், ஓரங்களின் வடிவம் எல்லாம் பார்க்கிறார்கள். கூரை மேல் வைத்திருக்கும் சைக்கிள், பூந்தொட்டி, புகைக்குழாய் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும்.

நீளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. படகை மேடேற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ‘லாக்’ என்று பெயர். இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை நிரப்பினால் படகு மேலே ஏறும். இந்தக் கால்வாயின் லாக்குகளில் 70 அடிப் படகு நுழையும். ஆனால் ஹடர்ஸ்ஃபீல்டில் இதோடு வந்து சேரும் இன்னொரு கால்வாய் 1776லேயே வெட்டப்பட்டது. அதன் லாக்குகள் அகலம் அதிகம், நீளம் குறைவு. சுமார் 57 அடிப் படகுதான் நுழையும். இந்தப் பக்கத்து நீளப் படகு அந்தப் பக்கம் போகாது, அந்தப் பக்கத்து அகலப் படகு இந்தப் பக்கம் வராது! மலையையே குடைந்து வந்த சரக்கை ஹடர்ஸ்ஃபீல்டில் மறுபடி இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. இன்று சுற்றுலா போகிறவர் மலையைத் தாண்டி அந்தக் கால்வாயிலும் தொடர்ந்து போக நினைத்தால், 57 அடிக்குள் இருக்கும் படகாகப் பார்த்து எடுப்பது இதனால்தான்.

இரண்டாம் கேள்வி: நாளும் நேரமும்

எதிரும் புதிருமாக இரண்டு படகு வந்தால் என்ன ஆகும்? உள்ளே சில இடங்களில் ஒதுங்க இடம் விட்டிருந்தார்கள். ஆனால் இருட்டில், மூன்று மணி நேரம் பாடுபட்டு வந்தவன் எதிரில் வருபவனுக்காகப் பின்னால் போவானா? சண்டைதான் மிச்சம். அதனால் குறிப்பிட்ட நேரத்தில் ஒரு திசையில் மட்டும் படகுகளை விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். படகு காத்துக் கிடக்க, வியாபாரிக்கு நஷ்டம். இதற்குள் 1804லேயே ராச்டேல் கால்வாய் திறந்துவிட்டது. அதுவும் இதே மலைத்தொடரைத்தான் கடக்கிறது. ஆனால் நீண்ட சுரங்கம் இல்லை, பெரிய படகும் போகும். குறுகிய வழி என்று தேர்ந்தெடுத்த ஸ்டானெட்ஜ், நேரத்தில் நீண்ட வழியாகிவிட்டது.

இன்றும் அதே ஒருவழிதான். குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட நாட்களில் மட்டும், முன்பதிவு செய்த படகுகளுக்கே அனுமதி. இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து சுரங்க வாசலான மார்ஸ்டன் வரை 42 லாக்குகள். மறு வாசலான டிகிளிலிருந்து ஆஷ்டன் வரை 32. மொத்தம் 74. ஒவ்வொன்றையும் கையால் திறந்து மூட வேண்டும். அந்த 42ஐ ஏறி முடித்து, பதிவு செய்த நேரத்துக்கு மார்ஸ்டனில் நிற்க வேண்டுமென்றால், இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கிளம்புவது புத்திசாலித்தனம்.

மூன்றாம் கேள்வி: படகு எப்படி நகரும்?

அந்தக் காலத்தில் கரையில் நடக்கும் குதிரைதான் படகை இழுக்கும். சுரங்கத்துக்குள் கரை கிடையாது, அதற்கும் செலவு என்று விட்டுவிட்டார்கள். அதனால் குதிரையை அவிழ்த்து மலை மேலே நடத்திப் போவார்கள். படகை நகர்த்த ‘லெக்கர்’ என்ற தொழிலாளிகள் இருந்தார்கள். இரண்டு பேர் படகின் முன்புறம் பலகையில் மல்லாந்து படுத்து, கால்களைச் சுவரில் ஊன்றி, சுவரில் நடப்பது போலவே படகைத் தள்ளிப் போவார்கள். காலிப் படகென்றால் ஒரு மணி இருபது நிமிடம். சரக்குப் படகென்றால் மூன்று மணி நேரம். கூலி ஒன்றரை ஷில்லிங்.

தாமஸ் போர்ன் என்பவர் குதிரைகளை மலை மேல் அழைத்துப் போகும் வேலையில் 37 வருடம் இருந்தார். ஒரு நாளைக்கு நான்கு தடவை மலையைக் கடப்பாராம். கணக்குப் போட்டால் இரண்டு லட்சம் மைலைத் தாண்டுகிறது!

இந்தக் கால் உழைப்புக்கு முடிவு கட்டியது ரயில். 1840களில் ரயில் கம்பெனியே கால்வாயை வாங்கி, பக்கத்திலேயே ரயில் சுரங்கம் தோண்டியது. வெட்டிய கல்லையும் மண்ணையும் வெளியேற்றக் கால்வாய்ச் சுரங்கத்துக்குக் குறுக்கு வழிகள் வெட்டிப் படகில் ஏற்றினார்கள். அதனால் 1846ல் தொடங்கிய வேலை மூன்றே வருடத்தில் முடிந்தது. தன் பிழைப்பைக் கெடுக்க வந்தவனுக்குத் தானே தோள் கொடுத்தது போல ஆயிற்று கால்வாயின் நிலை. 1871லும் 1894லும் மேலும் இரண்டு ரயில் சுரங்கங்கள் வந்தன. கடைசி சரக்குப் படகு 1921ல் போனது. 1944ல் கால்வாயையே சட்டப்படி கைவிட்டார்கள்.

நான்காம் கேள்வி: கூட யார்?

லாக்குகளை மண் போட்டு மூடினார்கள், சில இடங்களில் கால்வாய் மேலேயே கட்டடம் எழும்பியது. 1974ல் உள்ளூர் ஆர்வலர்கள் சேர்ந்து ஹடர்ஸ்ஃபீல்ட் கால்வாய்ச் சங்கம் தொடங்கினார்கள். நடக்காத காரியம் என்றே பலரும் நினைத்தார்கள். 27 வருடம் விடாமல் பாடுபட்ட பிறகு 2001ல் கால்வாய் முழுவதும் திறந்தது. சுரங்கத்திலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கான டன் சேற்றை அள்ள வேண்டியிருந்தது. ஆட்டம் கண்ட பாறைகளை இரும்பு ஆணி அடித்தும் சிமெண்ட் பூசியும் இறுக்கினார்கள்.

முதலில் படகு எஞ்சின்களை உள்ளே அனுமதிக்கவில்லை. மின்சார இழுவைப் படகு இழுக்கும், பயணிகள் தனிப் பெட்டியில் உட்கார்ந்து வருவார்கள். 2009லிருந்து சொந்தப் படகைத் தானே ஓட்டிப் போகலாம். ஆனால் பாதை தெரிந்த ஒருவர் கூடவே ஏறிக்கொள்வார். இப்போது கால்வாய்களைப் பராமரிக்கும் ‘கனால் அண்டு ரிவர் டிரஸ்ட்’ இவரை அனுப்புகிறது. எங்கே கூரை தாழும், எங்கே வளையும் என்று சொல்லிக்கொண்டே வருவார். அவசரமென்றால் வெளியேற அன்று மண் அள்ள வெட்டிய குறுக்கு வழிகள் இருக்கின்றன. அதன் வழியே ரயில் ஓடாத பழைய சுரங்கத்துக்குப் போய்விடலாம். 1894ல் கட்டியதில் மட்டும் இன்றும் ரயில் ஓடுகிறது. ரயில் போகும்போது குபீரென்று ஒரு காற்று கால்வாய்ச் சுரங்கத்துக்குள் அடிக்கும்.

ஆக, அன்று வரைபடத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் அளக்காமல் விட்டதையெல்லாம் இன்று படகுக்காரர் அளந்து, நேரம் குறித்து, துணை சேர்த்துக்கொண்டு போகிறார். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று அந்தப் பங்குதாரர்கள் நொந்திருப்பார்கள். வியாபாரமாகப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் சுரங்கம் நிற்கிறது. பூச்சில்லாத இடங்களில் விளக்கைக் காட்டினால், பெயர் தெரியாத அந்தத் தொழிலாளிகள் கொத்திய பாறை கைக்கு எட்டும் தூரத்தில் தெரியும். தலைக்கவசத்தை மறக்காமல் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.