எண்டாஸ்கோப்பி: அறுவை மருத்துவர்கள் எப்படிப் பயிற்சி பெறுகிறார்கள்?

விழுங்கச் சிரமம், கருப்பாக மலம் போவது, ரத்த வாந்தி என்று போனால் டாக்டர் சொல்வது, "எண்டாஸ்கோப்பி பார்த்துவிடலாம்." புதுமடம், உச்சிப்புளிப் பக்கத்துக் குடும்பங்களில் உடனே எழும் பேச்சு, ராமநாதபுரமா மதுரையா என்பதுதான். செய்பவர் எங்கே, எவ்வளவு பழகியவர் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

வளையும் இழைக் குழாய் 1957இல் வந்தது. அமெரிக்காவில் இதை உருவாக்கிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தானே அதை விழுங்கிப் பார்த்தார். வாய்வழி இரைப்பையையும், ஆசனவாய்வழி பெருங்குடலையும் இதில் பார்க்கலாம்.

நம் நாட்டில் இதைச் செய்பவர்களில் முக்கியமாக இரு வகை உண்டு. எம்.டி. முடித்து டி.எம். படித்த குடல் மருத்துவர் ஒருவர், எம்.எஸ். முடித்து எம்.சி.எச். படித்த குடல் அறுவை மருத்துவர் மற்றவர். இந்த அறுவைத் துறையைத் தனித் துறையாகச் சென்னையில் நிறுவி, எம்.சி.எச். படிப்பையும் கொண்டு வந்தவர் டாக்டர் என். ரங்கபாஷ்யம். 2002இல் பத்மபூஷண் பெற்றார்.

கத்தி பிடிப்பவருக்குக் குழாய் எதற்கு? புண்ணில் ரத்தம் கொட்டும்போது குழாய் வழியே நிறுத்த முடிந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. கட்டி இருக்கும் இடத்தை அறுவைக்கு முன் அவரே பார்த்துக்கொள்ளலாம். சிற்றூர்களில் இரு மருத்துவர்களும் கிடைப்பது அரிது என்பது இன்னொரு காரணம்.

பயிற்சி எவ்வளவு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் பொது அறுவை படிப்பவர் குறைந்தது 35 மேல்வழிப் பரிசோதனைகளும் 50 பெருங்குடல் பரிசோதனைகளும் செய்திருக்க வேண்டும். இது போதாது என்பது குடல் மருத்துவர்களின் வாதம். எண்ணிக்கையை விடத் திறனைச் சோதிப்போம் என்று அறுவை மருத்துவர்கள் எழுத்துத் தேர்வும், கணினிப் பொம்மையில் 5 பயிற்சிகளும் கொண்ட தேர்வை வைத்தார்கள். 2018இல் அங்கே அது கட்டாயமாக்கப்பட்டது.

தேர்ச்சியற்ற கையில் குடலில் ஓட்டை விழலாம். சிறு கட்டி கண்ணில் படாமலும் போகலாம். எனவே மரியாதையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதில் தனிப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? வழக்கமாகச் செய்கிறீர்களா? ரத்தம் வந்தால் இங்கேயே நிறுத்த வசதி உண்டா?

நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். ஆனால் ரத்த வாந்தி என்றால் கேள்விகளுக்காகக் காத்திராதீர்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.