ஆயில் கேட்ச் கேன்

கார் எஞ்சினின் கிராங்க் அறையிலிருந்து வரும் வாயுவில் கலந்திருக்கும் எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் கலன். பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே சிலிண்டர் வாயு சிறிதளவு எப்போதும் கீழே கசியும். பழைய எஞ்சின்கள் அதைக் குழாய் வழியே வெளிக்காற்றில் விட்டன. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியா இதற்குத் தடை போட்டது. அதன்பின் பிசிவி வால்வு மூலம் வாயுவை இன்டேக்குக்கே திருப்பி எரிப்பது வழக்கமாயிற்று. கூடவே எண்ணெய்த் துளிகளும் போகும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவுவதில்லை. எனவே அந்த எண்ணெய் அங்கே கரியாகப் படிகிறது. கேட்ச் கேன் உண்மையில் அதிகம் பயன்படுவது இத்தகைய எஞ்சின்களில்தான். மற்ற சாதாரண எஞ்சின்களில் அது பெரும்பாலும் பானட்டுக்குள் ஓர் அலங்காரம்.

வீட்டிலேயே செய்பவர்கள் ஏர் கம்ப்ரஸரின் நீர்பிரிப்பானையோ, மூடியுள்ள உலோக டப்பாவையோ எடுத்துக்கொள்கிறார்கள். நீர்பிரிப்பானின் கிண்ணம் பிளாஸ்டிக்காக இருந்தால் எஞ்சின் சூட்டில் விரிசல் விடக்கூடும். வாயு உள்ளே வரும் குழாயைக் கலனுக்குள் ஆழமாக இறக்கி, வெளியேறும் வாயை உச்சியில் வைக்க வேண்டும். இடையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரை அடைத்தால் துளிகள் அதில் ஒட்டி, திரண்டு வடியும். மெல்லிய இரும்புப் பஞ்சு கூடாது. அதன் இழைகள் உதிர்ந்து எஞ்சினுக்குள் போய்விடும். ஹோஸ் எண்ணெய் தாங்கும் ரப்பராகவும், உறிஞ்சலில் சப்பிப்போகாத தடிமனாகவும் இருக்க வேண்டும். குழாய் அடைபட்டால் கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியும்.

கலனில் சேர்வது எண்ணெய், நீர், பெட்ரோல் கலந்த கசடு. அதை மீண்டும் எஞ்சினில் ஊற்றக் கூடாது. குளிர்நாடுகளில் அந்த நீர் உறைந்து குழாயை அடைக்கும் என்பதால், அங்கே கலனை அடிக்கடி காலிசெய்கிறார்கள்.