மாணவர் மடிக்கணினியில் நிலைபொருள் கடவுச்சொல்

மடிக்கணினியின் பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸோ லினக்ஸோ எழுவதற்கு முன்பே, தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லிலிருந்து ஒரு நிரல் ஓடத் தொடங்குகிறது. விசைப்பலகை, திரை, வட்டு ஆகியவற்றைச் சரிபார்த்து, எந்த வட்டிலிருந்து இயங்குதளத்தை எழுப்புவது என்று முடிவுசெய்யும் இந்த நிரலே நிலைபொருள். பழைய கணினிகளில் இது பயாஸ். இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ, ஆனாலும் பேச்சில் பயாஸ் என்ற பெயரே நிலைத்திருக்கிறது. இந்த நிலையில் கேட்கப்படும் கடவுச்சொல்லைத்தான் சர்வீஸ் கடைகளில் பயாஸ் பாஸ்வேர்டு என்கிறார்கள். விண்டோஸில் நுழையத் தரும் கடவுச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினாலும், வட்டையே மாற்றினாலும் இது அப்படியே இருக்கும்.

வகைகள்

பெரும்பாலான மடிக்கணினிகளில் மூன்று வகைகள் உண்டு. முதலாவது மேற்பார்வையாளர் கடவுச்சொல். இது இருந்தால் நிலைபொருள் அமைப்புகளை வேறொருவர் மாற்ற முடியாது. கணினி வழக்கம்போல் இயங்கும். இரண்டாவது, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கேட்கப்படும் பவர்-ஆன் கடவுச்சொல். மூன்றாவது வட்டுக் கடவுச்சொல். நிலைபொருள் திரையிலேயே இதை அமைத்தாலும், பூட்டு விழுவது வட்டின் மீது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினாலும் அது திறக்காது. பள்ளிகளும் கல்லூரிகளும் நாட வேண்டியது முதல் வகையைத்தான். வகுப்பில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் பவர்-ஆன் கடவுச்சொல்லைத் தட்டுவதால் பாடநேரம் வீணாவதைத் தவிர வேறு பயனில்லை.

எதைக் காக்கும், எதைக் காக்காது

மாணவர் கணினியில் இந்தப் பூட்டு தேவைப்படுவதற்கு முதன்மைக் காரணம் பென்டிரைவ். வேறோர் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து எழுப்பிவிட்டால், பள்ளி நிறுவிய வடிகட்டிகளும் நிர்வாக மென்பொருளும் ஓடவே தொடங்காது. மறையாக்கம் செய்யப்படாத வட்டில் உள்ள கோப்புகளை விருப்பம்போல் மாற்றலாம். ஆனால் கடவுச்சொல் வைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பல கணினிகளில் அமைப்புத் திரை பூட்டப்பட்ட பிறகும், எந்த வட்டிலிருந்து எழுவது என்று தேர்வுசெய்யும் பட்டியல் எஃப்12 விசைக்குத் திறந்தே இருக்கும். யூஎஸ்பி வழி எழுவதையோ அந்தப் பட்டியலையோ தனியாக முடக்கினால்தான் கடவுச்சொல் வைத்ததற்குப் பொருள் உண்டு.

தரவை இந்தக் கடவுச்சொல் காக்காது. நான்கைந்து திருகாணிகளைக் கழற்றி வட்டை வெளியே எடுப்பவருக்கு மேற்பார்வையாளர் கடவுச்சொல் ஒரு தடையே இல்லை. ஆய்வேட்டையும் குடும்பப் படங்களையும் காப்பது விண்டோஸின் பிட்லாக்கர், மேக்கின் ஃபைல்வால்ட் போன்ற முழுவட்டு மறையாக்கமே. ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கும் மாணவர் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

அமைக்கும் முறை

கணினி எழும்போது குறிப்பிட்ட விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குள் நுழைய வேண்டும். டெல், ஏசர், ஆசஸ் கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவாவின் திங்க்பேடில் எஃப்1. உள்ளே பாதுகாப்புப் பக்கத்தில் கடவுச்சொல்லை இருமுறை தட்டி, மாற்றங்களைச் சேமித்து வெளியேற வேண்டும். நிலைபொருள் பெரும்பாலும் அமெரிக்க விசை அமைப்பையே எடுத்துக்கொள்ளும் என்பதால் எழுத்துகளும் எண்களும் மட்டும் கொண்ட நீண்ட கடவுச்சொல் நல்லது. சிறப்புக் குறிகள் வேறு விசை அமைப்பில் பழகியவர்களைத் தடுமாற வைக்கும். பிட்லாக்கர் இயங்கும் கணினியில் எழும் வரிசையையோ நம்பகமான இயங்குதளத்தை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் அமைப்பையோ மாற்றினால், அடுத்த முறை அது 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கக்கூடும். எனவே முன்கூட்டியே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, திறவுகோல் கைவசம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏசர் மடிக்கணினிகளில் மாணவர்கள் அடிக்கடி சிக்கும் இடம் ஒன்று உண்டு. அவற்றுள் பலவற்றில் மேற்பார்வையாளர் கடவுச்சொல் அமைக்கும்வரை செக்யூர் பூட் என்ற வரி மங்கலாகவே இருக்கும், மாற்ற முடியாது. லினக்ஸ் நிறுவ விரும்பும் மாணவர் அதற்காக ஏதோ ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அதை மறந்துபோகிறார். ஓராண்டு கழித்து வேறெதற்காகவோ உள்ளே நுழையப் பார்க்கும்போதுதான் பூட்டு இருப்பதே நினைவுக்கு வருகிறது. வேலை முடிந்த அன்றே கடவுச்சொல்லை நீக்குவது அல்லது தாளில் எழுதி வீட்டில் வைப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

மறந்தால்

பழைய மேசைக்கணினிகளில் கடவுச்சொல் பேட்டரியின் துணையால் நிற்கும் சீமாஸ் நினைவகத்தில் இருந்தது. நாணய வடிவ பேட்டரியைச் சற்றுநேரம் கழற்றி வைத்தால் அழிந்துவிடும். சில பயாஸ்களில் தயாரிப்பாளரே வைத்த பொதுக் கடவுச்சொல் இருந்தது. இன்னும் சிலவற்றில் மூன்று முறை தவறாகத் தட்டினால் திரையில் ஓர் எண் தோன்றும். அதிலிருந்து திறவுச்சொல்லைக் கணக்கிடும் முறையும் வெளியே கசிந்தது. இன்றைய மடிக்கணினிகளில் கடவுச்சொல் மின்சாரம் இல்லாமலும் நிலைக்கும் சில்லில் இருப்பதால் பேட்டரியைக் கழற்றிப் பயனில்லை. திங்க்பேடின் மேற்பார்வையாளர் கடவுச்சொல் மறந்துபோனால் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்று அதன் கையேடுகள் சொல்கின்றன. வட்டுக் கடவுச்சொல் மறந்தாலோ வட்டும் போனது, அதிலிருந்த தரவும் போனது. வேறு சில நிறுவனங்கள், வாங்கிய ரசீதைக் காட்டினால் திறந்து தரும். அதனால்தான் மடிக்கணினியின் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டாம் கையாக வாங்குபவர் பணம் கொடுக்குமுன் அமைப்புத் திரைக்குள் ஒருமுறை நுழைந்து பார்ப்பது அவசியம்.

ஆப்பிள் கணினிகள்

அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் 2002இல் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ஐபுக் மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. ஒரு மாநிலமே மாணவருக்கு ஒரு கணினி என்று இறங்கியதில் முன்னோடி முயற்சி இது. அக்கால ஐபுக்குகளில் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற நிலைபொருளில் கடவுச்சொல் வைக்க வழி இருந்தது. ஆனால் நினைவகத் தகட்டைக் கூட்டியோ குறைத்தோ, அமைப்புகளை வைத்திருக்கும் பிராம் நினைவகத்தை மூன்று முறை மீட்டமைத்தால் அது அழிந்துவிடும். இந்த ஓட்டை 2011 வாக்கில் வந்த மேக்புக்குகளில் அடைபட்டது. இன்டெல் சில்லு கொண்ட மேக்கில் மீட்பு நிலைக்குச் சென்று கடவுச்சொல் அமைக்கலாம்; மறந்துவிட்டால் வாங்கியதற்கான சான்றுடன் ஆப்பிளின் சேவை மையத்துக்குச் செல்ல வேண்டும். ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட மேக்குகளில் இந்தக் கடவுச்சொல்லே கிடையாது. அவற்றில் மீட்பு நிலைக்குள் நுழைவதைப் பள்ளி தன் நிர்வாகச் சேவையகத்திலிருந்து பூட்டலாம். இந்த வசதி மேக்ஓஎஸ் 11.5இல் வந்தது.

நிறுவன நிர்வாகம்

நூற்றுக்கணக்கான கணினிகளை வைத்திருக்கும் நிறுவனம் ஒவ்வொன்றாகத் திறந்து தட்டிக்கொண்டிருக்க முடியாது. டெல், எச்பி, லெனோவா மூன்றுமே நிலைபொருள் அமைப்புகளைத் தொலைவிலிருந்து மாற்றும் கருவிகளைத் தருகின்றன. லெனோவாவின் பல மாதிரிகளில் ஒரு தடை உண்டு: முதல் கடவுச்சொல்லை ஒருவர் நேரில் உட்கார்ந்து கையால் தட்ட வேண்டும், அதன் பிறகுதான் தொலைவிலிருந்து மாற்றலாம்.

எல்லாக் கணினிக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பது பரவலான பழக்கம், ஆபத்தானதும்கூட. ஒரு மாணவர் ஆசிரியரின் விரல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் பள்ளி முழுவதும் திறந்துவிடும். கணினிக்கு ஒன்றாக வைத்து, வரிசை எண்ணுடன் மறையாக்கம் செய்த பதிவேட்டில் எழுதி, குறைந்தது இருவர் பொறுப்பில் விடுவதே சரி. கணினி ஆசிரியர் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்த கடவுச்சொல் அவருடைய பணிமாறுதலோடு போய்விடும்.

கடவுச்சொல் இல்லாத வழியையும் ஒரு திட்டம் முயன்றது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி என்ற இயக்கத்தின் எக்ஸ்ஓ கணினியில், களவைத் தடுக்க நிலைபொருளிலேயே குத்தகைச் சான்று முறை இருந்தது. நாடு விரும்பினால் இதைப் பயன்படுத்தலாம். சான்று உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாவிட்டால் கணினி எழாது. திருட்டுக்கு இது கடவுச்சொல்லைவிட வலிய தடை. ஆனால் நீண்ட நாள் இணைப்பு எட்டாத குழந்தையின் கணினியும் அதே விதியால் நின்றுபோகும் என்பதை இத்தகைய முறையைத் தேர்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூட்டுவது யார் உரிமை என்பது கணினி யாருடையது என்பதைப் பொறுத்தது. பள்ளி கடனாகத் தரும் கணினியில் கடவுச்சொல் பள்ளியிடம் இருப்பது முறை. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கணினி மாணவருக்கே சொந்தம். அத்தகைய கணினியில் மாணவர் அறியாத கடவுச்சொல் இருக்கக் கூடாது. நிறுவனம் தன் பழைய கணினியை மாணவருக்குத் தந்துவிடும்போதும் இதே விதிதான். நீக்குவது எளிது: அமைத்த அதே பக்கத்தில் பழைய கடவுச்சொல்லைத் தட்டி, புதியதைக் கேட்கும் இரு கட்டங்களையும் வெறுமையாக விட்டு என்டர் அழுத்திச் சேமித்தால் போதும்.